மரியோவா, ஆட்மரா, அந்தச் சதுரக்கட்டையா?

மொபைலில் பிளாட்ஃபார்ம் கேம், அதாவது ஓடிக் குழிகளையும் தடைகளையும் தாவிக் கடக்கும் ஆட்டம், என்று தேடினால் வரும் படங்கள் எல்லாமே கண்ணைப் பறிக்கின்றன. நீல வானம், பச்சை மேடு, சுழலும் மஞ்சள் நாணயம். பார்த்த மாத்திரத்தில் எது தேறும், எது தேறாது என்று சொல்லவே முடியாது. பத்து நிமிடம் ஆடிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவும் கண்ணுக்கு இல்லை, கட்டைவிரலுக்கு.

உண்மையில் இந்த வகை ஆட்டத்துக்கு ஃபோன் தோதான கருவியே இல்லை. 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் காலத்திலிருந்தே இவை பொத்தான்களை நம்பி வளர்ந்தவை. பொத்தானைக் கூடுதல் நேரம் அழுத்தினால் தாவலும் கூடுதல் உயரம் போகும். பொத்தான் எங்கே என்று விரல் தடவியே கண்டுபிடித்துவிடும், கண் ஆட்டத்தை விட்டு நகர வேண்டியதில்லை. கண்ணாடித் திரையில் தடவிப் பார்க்க என்ன இருக்கிறது? பெயர் வேண்டாம், முயல் ஓடும் ஒரு இலவச ஆட்டத்தில் திரையின் மூலையில் அம்புக்குறிகளை வரைந்து வைத்திருந்தார்கள். ஓடுகிற வேகத்தில் விரல் அரை சென்டிமீட்டர் விலகியிருக்கும், அவ்வளவுதான், அந்த அழகான முயல் குழிக்குள் போய்விடும். இருபது தடவை விழுந்த பிறகு முயலையே அழித்துவிட்டேன்.

சரி, இந்தச் சிக்கலை நன்றாகத் தீர்த்தவை என்று நான் நினைக்கும் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: சூப்பர் மரியோ ரன், ஜியோமெட்ரி டேஷ், ஆட்மர். மூன்றும் மூன்று வழியில் தீர்த்திருக்கின்றன.

மரியோ ரன் 2016 டிசம்பரில் ஐஃபோனுக்கும் 2017 மார்ச்சில் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. ஓடும் வேலையை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். மரியோ தானாக ஓடுவார், சின்ன எதிரி குறுக்கே வந்தால் தானாகவே எகிறிக் கடந்தும் விடுவார். திரையைத் தொட்டால் தாவல், நமக்கு அது ஒன்றுதான் வேலை. ஃபோனை நிமிர்த்திப் பிடித்து ஒரே கையில் ஆடலாம். தானாக ஓடுவது புது யோசனை ஒன்றும் இல்லை. 2012-லேயே ரேமன் ஜங்கிள் ரன் அதை அழகாகச் செய்து காட்டிவிட்டது.

முதல் நாள் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆறு உலகம், இருபத்து நான்கு லெவல், ஓடுவதும் அவரே என்றால் இதில் என்ன இருக்கிறது? அப்புறம்தான் இளஞ்சிவப்பு நாணயங்கள் கண்ணில் பட்டன. லெவலுக்கு ஐந்து. ஐந்தையும் ஒரே ஓட்டத்தில் எடுத்துவிட்டால் அடுத்த முறை அதே லெவலில் ஊதா நாணயங்கள் வரும், அதையும் முடித்தால் கறுப்பு. இடமும் மாறிவிடும். இளஞ்சிவப்பு வழியில் இருக்கும். கறுப்பு அப்படியில்லை. சுவரில் மோதி, எதிர்ப்பக்கம் எகிறி, கீழே வருகிற எதிரியின் தலையை மிதித்து இன்னும் ஒரு எம்பு எம்பினால்தான் கைக்கு வரும் என்கிற மாதிரி வைத்திருப்பார்கள். தவறவிட்டால் மரியோ திரும்பி ஓடமாட்டார். ஆனால் ஒரு குறுக்கு வழி உண்டு. குமிழிப் பொத்தானைத் தொட்டால் அவர் குமிழிக்குள் மிதந்து பின்னோக்கிப் போவார், வேண்டிய இடத்தில் குமிழியை உடைத்து இறங்கலாம். உயிர் காக்கத்தான் அது, ஆனால் நாணயத்துக்காக அதைச் செலவழித்துவிட்டு அடுத்த குழியில் விழுந்து சாவதில் நான் கைதேர்ந்தவன்.

ஜியோமெட்ரி டேஷ் இதற்கு நேர் எதிர் குணம். சுவீடனைச் சேர்ந்த ராபர்ட் டோபாலா 2013-இல் வெளியிட்டது. கதை கிடையாது, ஒரு சதுரக்கட்டை மட்டும் பாட்டின் தாளத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். இங்கேயும் தொட்டால் தாவல். முள்ளில் பட்டால் லெவலின் முதலிலிருந்து தொடங்க வேண்டும், எத்தனையாவது முயற்சி என்ற எண் வேறு திரையில் வந்து நிற்கும். முதல் லெவல் ஸ்டீரியோ மேட்னஸில் மூன்று முள் வரிசையாக நிற்கும் இடம் வரும். முதல் முள்ளுக்கு ஒட்டினாற்போல் வந்து தாவ வேண்டும். கொஞ்சம் முந்தினால் மூன்றாவது முள்ளில் இறங்குவோம், பிந்தினால் முதல் முள்ளே முடித்துவிடும். அங்கே போய்ச் சேரும்போது உள்ளங்கை வியர்த்திருக்கும்.

இவ்வளவு ஈவிரக்கமில்லாத ஆட்டத்திலும் ஒளித்து வைத்த கருணை ஒன்று இருக்கிறது. முள்ளின் படம் பெரிது, அதில் உண்மையில் கொல்லும் பகுதி அதைவிடச் சிறியது. உரசிக்கொண்டு தப்பித்தோம் என்று நாம் சிலிர்ப்பது பாதி இந்தச் சலுகையால்தான்.

வண்ணத்தை மூன்றிலும் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தியது இந்தச் சதுரக்கட்டை ஆட்டம்தான் என்பது என் கட்சி. பார்த்தால் கண்கூசும், உண்மை. ஆனால் அதன் கலர்கள் நம்மோடு பேசுகின்றன. அந்தரத்தில் மஞ்சள் வளையம் இருந்தால் அங்கே தொட்டால் இன்னொரு தாவல், இளஞ்சிவப்பு என்றால் அதைவிடக் குட்டித் தாவல், நீலம் என்றால் ஈர்ப்பு தலைகீழ். பச்சை வாசலில் நுழைந்தால் சதுரம், இளஞ்சிவப்பு வாசலில் நுழைந்தால் பறக்கும் கப்பல். யோசிக்க நேரமில்லாத வேகத்தில் எழுத்தைப் படிக்கவா முடியும்? கலரைப் பார்த்ததும் விரல் முடிவெடுத்துவிடுகிறது. மரியோவின் நாணய நிறம் எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று சொல்லும், அடுத்த நொடி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது.

ஒரு எச்சரிக்கை: புளூடூத் ஹெட்செட் போட்டு இதை ஆடாதீர்கள். ஒலி கொஞ்சம் பிந்தி வரும், தாளத்தை நம்பித் தாவினால் முள்தான்.

ஆட்மர் 2018-இல் வந்தது, அதே ஆண்டு ஆப்பிள் டிசைன் விருதும் வாங்கியது. ஊரில் யாரும் மதிக்காத ஒரு வைக்கிங்கின், அதாவது பழங்கால வட ஐரோப்பியக் கடலோடி வீரனின், கதை. மூன்றில் இதில் மட்டும்தான் முதலிலிருந்தே ஓடுவதும் நிற்பதும் திரும்புவதும் நம் கையில். அம்புக்குறி எதுவும் வரையவில்லை. இடது பாதியில் எங்கே விரலை வைத்தாலும் அங்கிருந்து இழுத்து நடக்கலாம். தாவலும் சண்டையும் வலது பாதியில். பொத்தானைத் தேட வேண்டியதே இல்லை என்பதால் முயலுக்கு நேர்ந்தது இங்கே நேரவில்லை. 2014-இல் வந்த லியோஸ் ஃபார்ச்சூனும் கிட்டத்தட்ட இப்படித்தான், அதுவும் அதே விருதை வாங்கியது.

அழகு என்று பார்த்தால் ஆட்மரை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. காட்டுக்குள் வெயில் இறங்குவதைப் பார்க்கவே நிற்கத் தோன்றும், நிற்கவும் முடியும், அதுதான் விஷயம். மரியோவில் சிவப்பு நிறுத்தக் கட்டையில் ஏறினால்தான் மூச்சுவிடலாம், சதுரக்கட்டையில் அதுவும் இல்லை. ஆனால் ஆட்மரின் வண்ணங்கள் பெரும்பாலும் மனநிலைக்காகத்தான். இருபத்து நான்கு லெவலும் முடித்தேன், ரசித்தேன், திரும்பத் திறக்கவில்லை.

காசு விஷயம்: மரியோவில் முதல் சில லெவல்கள் இலவசம், பிறகு ஒரே தொகையாகக் கட்டித் திறந்துகொள்ளலாம். ஆனால் இணையம் இல்லாமல் ஆட முடியாதபடிதான் அது வெளியானது. ரயிலிலோ விமானத்திலோ ஆட நினைத்தவர்களுக்கு எரிச்சல் வந்ததில் ஆச்சரியமில்லை. ஜியோமெட்ரி டேஷுக்கு லைட் என்ற இலவசப் பதிப்பு உண்டு, விரல் ஒத்துவருகிறதா என்று அதில் பார்த்துவிட்டு முழுசை வாங்கலாம். லெவல்களை நாமே வடிவமைக்கும் வசதி இருப்பதால் அது தீரவே தீராது. 2023 டிசம்பரில் வந்த 2.2 பதிப்பில் இடமும் வலமும் நாமே நகர்த்தும் பிளாட்ஃபார்மர் லெவல்களும் சேர்ந்துவிட்டன.

கதையும் காட்சியும் வேண்டும், இரண்டு கையும் சும்மா இருக்கிறது என்றால் ஆட்மர். தோற்றால் கோபம் வரும் ஆள் என்றால் சதுரக்கட்டைப் பக்கமே போகாதீர்கள். என் ஃபோனில் இப்போது மிஞ்சியிருப்பது மரியோதான். முடித்த லெவல்தான், ஆனால் அதில் ஒரு கறுப்பு நாணயம் இன்னும் கைக்கு வரவில்லை. நேற்றும் குமிழியைச் செலவழித்துப் பார்த்தேன், குழியில்தான் விழுந்தேன்.