பழத்தோல் பாட்டிலா, கோஜித் தட்டா?

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் உணவுக் கழிவிலிருந்து நொதி எடுக்க இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, பழத்தோலைச் சர்க்கரை நீரில் புளிக்கவைக்கும் பாட்டில். மற்றது, சோயாச் சக்கையிலும் பழைய ரொட்டியிலும் கோஜி என்ற பூஞ்சையை வளர்க்கும் தட்டு. என் ஓட்டு கோஜித் தட்டுக்கே.

பாட்டில் முறை பலருக்கும் தெரியும்: பழுப்புச் சர்க்கரை 1, தோல் 3, தண்ணீர் 10 பங்கு, மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும். கண்ணாடி பாட்டில் ஆகாது. கிடைப்பது பெரும்பாலும் அசெட்டிக், லாக்டிக் அமிலங்கள். தரை துடைக்க நல்லது. ஆனால் புளிப்பு ஏறி பிஎச் 4-க்குக் கீழே போனபின் மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதி அதில் பெரிதாக வேலை செய்யாது. ஆறிய கஞ்சியில் ஊற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கோஜிக்கு, அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சைக்கு, சோயாப்பால் பிழிந்த சக்கை புரதம் தரும். பழைய ரொட்டி மாவுச்சத்து தரும். சக்கையில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர். நம் வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும், வாங்கிய அன்றே அவித்துவிடுங்கள். ஒரு கிலோவுக்கு 300 கிராம் உலர்ந்த ரொட்டித்தூள் கலந்தால் ஈரம் 64 விழுக்காடு அளவுக்கு இறங்கும். பிடித்தால் உருண்டையாக வேண்டும், நீர் கசியக் கூடாது. இட்லித் துணியில் 40 நிமிடம் அவித்து, 35 டிகிரிக்கு ஆறவிட்டு, கடையில் வாங்கிய கோஜி வித்துப்பொடியைக் கிலோவுக்கு 1 கிராம் தூவி, 3 செ.மீ. கனத்தில் பரப்பி ஈரத்துணியால் மூடுங்கள். ரொட்டியில் தானாகப் பூத்த பூஞ்சையை விதையாக்கவே கூடாது. அஃப்ளாடாக்சின் நஞ்சு தரும் இனம் கலந்திருக்கலாம்.

வெற்றியும் தோல்வியும் சூட்டில்தான். வீட்டின் 29, 30 டிகிரி பூஞ்சைக்கு உகந்தது, தனிப்பெட்டி தேவையில்லை. ஆனால் 16 முதல் 20 மணி நேரத்தில் பூஞ்சையே வெப்பம் கக்கத் தொடங்கும். 42 டிகிரியைத் தாண்டினால் அது தளரும், பேசில்லஸ் பாக்டீரியா முந்தும்: பிசுபிசுப்பு, நூல் இழை, அமோனியா நாற்றம். அப்புறம் கொட்ட வேண்டியதுதான். ஆகவே அந்த நேரத்தில் ஆள் வீட்டில் இருக்க வேண்டும். வெள்ளி இரவு 10 மணிக்கு விதைத்தால் சனி மாலை 4 மணிவாக்கில் கிளறி, வரப்பு வரப்பாகப் பிரிக்கலாம். 8 மணி நேரம் கழித்து மறுபடி ஒருமுறை. மின்விசிறிக் காற்று நேரே படக் கூடாது, மேற்பரப்பு காய்ந்துவிடும். ஞாயிறு மாலை வெள்ளையாக இருக்கும்போதே எடுங்கள்.

எடுத்த கோஜி ஒரு பங்குக்கு ஐந்து பங்கு நீர் ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். 50 டிகிரிக் கஞ்சியில் இரண்டு கரண்டி கலந்தால் சீக்கிரமே நீர்த்துப்போகும். சோற்றுப்பானை அடியில் ஒட்டியதை ஊறவைக்க அருமை. எண்ணெய்ப் பிசுக்குக்கு இதை நம்பச் சொல்ல மாட்டேன். வடிநீரைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள்.

கோஜி பச்சையாக மாறினால் வித்துத்தூள் பறக்கும். ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டுக்குப் பாட்டிலே சரி.