பத்து ஆண்டுகளாக ஒரே நகரத்தில் பந்தயம்: மிட்நைட் கிளப் லாஸ் ஏஞ்சல்ஸ்

பழைய வீடியோ கேம்கள் விற்கும் ஒரு கடையில் 2015-ஆம் ஆண்டு ‘மிட்நைட் கிளப்: லாஸ் ஏஞ்சல்ஸ்’ விளையாட்டின் டிஸ்க்கை வாங்கினேன். அதன் பிறகு எத்தனையோ கார்ப் பந்தய விளையாட்டுகள் வந்துவிட்டன. ஆனால் என் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவி இன்றும் தொலைக்காட்சிக்குக் கீழே இருப்பது இந்த ஒன்றுக்காகத்தான். ராக்ஸ்டார் சான் டியாகோ நிறுவனம் உருவாக்கி 2008 அக்டோபரில் வெளியான இவ்விளையாட்டு, 2000-இல் நியூயார்க், லண்டன் நகரத் தெருக்களோடு தொடங்கிய மிட்நைட் கிளப் வரிசையில் கடைசியாக வந்தது. கடினமானது என்று அன்றே பேசப்பட்டது. அந்தப் பேச்சில் மிகை எதுவும் இல்லை என்பதை முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டேன்.

பந்தயங்களின் கடினத்தை இவ்விளையாட்டு நிறங்களால் காட்டுகிறது. பச்சை எளிது, மஞ்சள் நடுத்தரம், ஆரஞ்சு கடினம், சிவப்பு மிகக் கடினம். ஆனால் தொடக்கத்தில் கைக்கு வரும் பழைய சிறிய காரை வைத்துக்கொண்டு மஞ்சள் பந்தயத்தில் வெல்வதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. அதற்கு ஒரு காரணம் நம் பழக்கம். நம் ஊரில் சாலையின் இடப்புறம் ஓட்டிப் பழகிய கை, லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சந்தியில் வேகமாகத் திரும்பியதும் தானாகவே இடப்புறத்துக்குப் போகும். அங்கே எதிரே வரும் வாகனங்களின் முகப்பு விளக்குகள்தான் காத்திருக்கும். இந்த அனிச்சைப் பழக்கம் விட்டுப்போக எனக்கு ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆயின.

இன்னொரு காரணம் எதிராளிகள் ஓட்டும் விதம். நாம் எவ்வளவு முன்னே போனாலும், ரப்பர் கட்டி இழுத்ததுபோல அவர்கள் நம் பின்னாலேயே வந்து சேர்கிறார்கள். நாம் பின்தங்கினால் பெரும்பாலும் எட்டிப் பிடிக்கும் தொலைவிலேயே இருக்கிறார்கள். முதல் ஆறு மாதங்கள் நான், காருக்குச் சிறிது நேரம் கூடுதல் வேகம் தரும் நைட்ரோ முழுவதையும் பந்தயத்தின் முதல் பாதியில் செலவழித்து முன்னிலை பெறுவதும், வழியில் கட்டாயம் கடக்க வேண்டிய இடங்களான செக்பாயின்ட்டுகளில் கடைசி இரண்டுக்குள் அதை இழப்பதுமாகவே இருந்தேன். தோற்ற பந்தயங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கிய பிறகுதான், ஏறக்குறைய எல்லாவற்றையும் கடைசிக் கால்பகுதியிலேயே இழந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. முன்கூட்டியே பெறும் முன்னிலைக்கு இவ்விளையாட்டில் மதிப்பு மிகக் குறைவு.

ஆகவே முறையை மாற்றினேன். முன்னே செல்பவரின் காருக்கு நேர் பின்னால் சிறிது நேரம் ஒட்டிச் சென்றால், காற்றின் தடை குறைந்த அந்தப் பாதையில் ஒரு கூடுதல் உந்துவிசை சேர்கிறது. நைட்ரோவைத் தொடாமலேயே அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டாம் இடத்திலேயே பொறுமையாக ஓட்டி, நைட்ரோவைக் கடைசி நேர்ச் சாலைவரை காப்பாற்றி வைத்தபோது வெற்றிகள் வரத் தொடங்கின. வண்டிக்கு ஒரு சிறப்புத் திறனையும் தேர்ந்தெடுக்கலாம். அவற்றில் காலத்தை மெதுவாக்கும் ‘ஸோன்’தான் என் தேர்வு. வாகனங்களை மோதித் தள்ளிச் செல்லும் ‘அக்ரோ’வை நண்பர்கள் விரும்பினாலும், ஒரு நொடி நிதானம் கிடைத்தால் பெரும்பாலான மோதல்களைத் தவிர்த்துவிடலாம் என்பது என் அனுபவம்.

எனினும் எனக்கு உண்மையில் வெற்றி தந்தது காரோ நைட்ரோவோ அல்ல, நகரத்தைப் பற்றிய அறிவுதான். செக்பாயின்ட்டுகள் வண்ணப் புகைத் தூண்களாகத் தொலைவிலேயே தெரிகின்றன. ஆனால் அவற்றுக்கிடையே எந்தத் தெருவில் போவது என்பதை ஓட்டுபவரே முடிவு செய்ய வேண்டும். சில பந்தயங்களில் அவற்றை எந்த வரிசையில் கடப்பது என்பதும் நம் விருப்பம். 2017-இல் இரண்டு வாரங்கள் ஒரு பந்தயத்தில்கூடக் கலந்துகொள்ளாமல், மாலைதோறும் சும்மா ஊரைச் சுற்றினேன். சான்டா மோனிகா கடற்கரையை நகர மையமான டவுன்டவுனோடு இணைக்கும் வில்ஷயர் பூலவார்ட் வேகத்துக்கு ஏற்றது. வளைந்து செல்லும் சன்செட் பூலவார்டில் அதே வேகத்தை நம்ப முடியாது. ஹாலிவுட் குன்றுகளின் சாலைகளில் ஆற்றல் மிக்க காரைவிடச் சொன்னபடி திரும்பும் கார்தான் உதவும். ஃப்ரீவே எனும் விரைவுச்சாலையில் நடக்கும் பந்தயத்தில் இறங்குபாதை ஒன்றைத் தவறவிட்டால் மீள்வது அரிது. எனவே பந்தயம் தொடங்குமுன் வரைபடத்தைத் திறந்து, கடைசி இறங்குபாதை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வேன். நகரம் முழுவதும் இடையில் ‘லோடிங்’ திரை இல்லாமல் விரிவதும், பகல் இரவாக மாறுவதும், மழையில் சாலை வழுக்குவதும் இந்தச் சுற்றல்களைச் சலிப்பில்லாமல் வைத்திருந்தன.

காவல்துறையின் துரத்தல் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பந்தயத்துக்கு நடுவே அது வந்துவிட்டால் கவனம் சிதறுகிறது; பந்தயம் இல்லாத நேரத்தில் நிறுத்தி அபராதம் கட்டிவிடுவதே நல்லது. மோட்டார் பைக்குகள் மிக வேகமானவை, ஆனால் சிறிய உரசலுக்கே ஓட்டுபவர் தூக்கி எறியப்படுகிறார். கார்களுக்கு நிறம் பூசி, பம்பர் மாற்றி அழகுபடுத்தும் பகுதி மிக விரிவானது. அதில் நேரம் செலவழிக்க விரும்புபவர்களுக்கு அது தனி விளையாட்டாகவே இருக்கும்.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் மனம் ஒப்பாத ஒன்று உண்டு. ஐந்து நிமிடங்கள் பிழையின்றி ஓட்டிய பந்தயம், சந்தியில் குறுக்கே வந்த ஒரு சாதாரணக் காரால் முடிந்துபோகும்போது, அதில் நான் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. அந்த இடத்தில் கடினம் என்பது திறமையைச் சோதிப்பதாக இல்லாமல் தற்செயலாகிவிடுகிறது. சிவப்புப் பந்தயங்களில் இது நேரும்போது அன்றைக்கு நிறுத்திவிடுவது என்ற வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

இப்போது வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். பிளேஸ்டேஷன் 3-க்கான டிஸ்க் பிளேஸ்டேஷன் 4, 5 ஆகியவற்றில் இயங்காது. வாங்குவதென்றால், கூடுதலாக வெளிவந்த சவுத் சென்ட்ரல் பகுதியும் அடங்கிய ‘கம்ப்ளீட் எடிஷன்’ கிடைக்கிறதா என்று பாருங்கள். தொலைக்காட்சியில் படத்தின் தாமதத்தைக் குறைக்கும் ‘கேம் மோட்’ அமைப்பு இருந்தால் அதையும் அவசியம் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் நான் விளையாடிய முதல் ஆண்டில், பொத்தானை அழுத்துவதற்கும் கார் திரும்புவதற்கும் இடையே இருந்த சிறு தாமதத்தை என் கைப்பிழை என்றே நம்பியிருந்தேன்.

கடந்த விடுமுறையில் என் அக்கா மகன் இதை விளையாடத் தொடங்கினான். எந்தக் காரை முதலில் வாங்க வேண்டும் என்று கேட்டான். மூலையில் தெரியும் சிறு வரைபடத்தைப் பார்க்காமல், கடற்கரையிலிருந்து டவுன்டவுன்வரை ஒருமுறை ஓட்டிக்காட்டு, பிறகு காரைப் பற்றிப் பேசலாம் என்றேன். நான்காம் நாள் இரவு, வில்ஷயர் வழியாக ஒரு தவறான திருப்பமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தான்.