ஹெச்4 முகப்பு விளக்கு: கூடுதல் ஒளி ஹாலஜனா, எல்இடி மாற்று பல்பா?

ஹெச்4 வகை (ஹை பீம், லோ பீம் இரண்டுக்கும் ஒரே பல்பில் தனித்தனி இழை கொண்ட) ஹாலஜன் விளக்குடன் வந்த காரில் வெளிச்சம் போதவில்லை என்றால், அதே 60/55 வாட்டில் (ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55) கூடுதல் ஒளி தரும் ஹெச்4 பல்பையே வாங்குங்கள். அதன் லோ பீம் இழைக்கு அடியில் இருக்கும் சிறிய உலோகக் கிண்ணம், கீழ்ப்பாதிப் பிரதிபலிப்பானில் பட்டு மேலே எழும்பக்கூடிய ஒளியைத் தடுத்து, எதிரே வருபவரின் கண் கூசாமல் காக்கிறது. ஆயுள் சற்றுக் குறைவு என்பதே இதன் குறை.

எல்இடி மாற்று பல்பு மின்சாரத்தை மிச்சப்படுத்தும், வெண்மையாகவும் ஒளிரும். ஆனால் இழைக்கென வடிவமைத்த பிரதிபலிப்பானில் அதைப் பொருத்தினால் ஒளியின் மேல்விளிம்பு கலைந்து கூச்சம் பெருகக்கூடும். தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதை இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் கட்டுப்படுத்துகிறது. 100/90 வாட் ஹாலஜனோ வயரையும் ஹோல்டரையும் சூடாக்கிவிடும். எதை வாங்குமுன்பும், மஞ்சளித்த விளக்கு மூடியைப் பாலிஷ் செய்து பாருங்கள்.