கொடைக்கானல், ஊட்டி ஏரிகள்: வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கீழேயே முடித்துக்கொள்ள வேண்டியவை

விடுமுறைக்கு ஊருக்கு வரும் குடும்பங்கள் கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ இரண்டு நாள் ஒதுக்குவது வழக்கம். அந்த இரண்டு நாளில் தண்ணீரில் எவ்வளவு நேரம், வரிசையில் எவ்வளவு நேரம் என்பது மலையேறுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. உள்ளூர்க்காரர்களுக்கு இல்லாத மூன்று சிக்கல் நமக்கு உண்டு: வெளிநாட்டு போன் எண், வெளிநாட்டு கார்டு, வெளிநாட்டு லைசென்ஸ்.

முதலில் இ-பாஸ், அதாவது வண்டி மலையேற இணையத்தில் பதிந்து வாங்கும் அனுமதி. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்களுக்கு இது கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். ஊட்டிக்கு வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. பாஸுக்குக் கட்டணம் கிடையாது. இந்திய எண் இருந்தால் அதில் வரும் ஓடிபி வைத்துப் பதியலாம்; வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் முகவரியை வைத்துப் பதியலாம். அரசுப் பேருந்தில் போனால் பாஸே வேண்டாம். விதிகள் சீசனுக்குச் சீசன் மாறுவதால், கிளம்பும் வாரத்தில் அரசின் இ-பாஸ் தளத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது வண்டி எண்ணில். பாஸ் ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. டிராவல்ஸில் சொன்ன எண்ணைப் போட்டுப் பதிந்திருப்பீர்கள். காலையில் வேறு இன்னோவா வந்து நிற்கும். கல்லாறிலோ வெள்ளி நீர்வீழ்ச்சிச் சோதனைச்சாவடியிலோ நின்றபடி புதிதாகப் பதிவதென்றால், பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, சிக்னல் ஒரு கோடு காட்ட, பெரிய அவதி. முதல் நாள் இரவே டிரைவரிடம் ஆர்சி புத்தகத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி, எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். ஊட்டிக்கு எடுத்த பாஸ் கொடைக்கானலுக்குச் செல்லாது. இரண்டுக்கும் போகிறவர்கள் இரண்டு எடுக்க வேண்டும்.

விமான நிலையத்தில் இறங்குமுன் வாங்கும் சுற்றுலா இ-சிம்களில் டேட்டா மட்டும்தான் வரும், இந்திய எண் வராது. எண் இல்லையென்றால் ஓடிபியும் இல்லை. கடை வைஃபை, ரயில் டிக்கெட், டாக்சி ஆப் எல்லாம் அங்கேயே நிற்கும். பாஸ்போர்ட், விசா அல்லது ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டையைக் காட்டி ஊரில் ஒரு ப்ரீபெய்டு சிம் வாங்கி, அது வேலை செய்யத் தொடங்கியபின் மலையேறுவது நல்லது. பணம் கட்டுவதைப் பொறுத்தவரை, இந்திய வங்கியில் என்ஆர்இ, என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) கணக்கு உள்ளவர்கள் சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், பிரிட்டன், கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் எண்ணிலேயே யுபிஐ பயன்படுத்த முடியும். ஆனால் வங்கி அதை இயக்கித் தந்திருக்க வேண்டும். அதைக் கிளம்பும் முன் அங்கிருந்தே கேட்டு முடியுங்கள். இது எதுவும் இல்லையென்றால் வத்தலகுண்டிலோ மேட்டுப்பாளையத்திலோ ஏடிஎம்மில் எடுத்து, நூறு, ஐம்பது ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். குதிரைக்காரர், சைக்கிள் கடை, சோளம் சுடும் அம்மா யாரிடமும் வெளிநாட்டு கார்டு செல்லாது.

இனி ஏரிகள். கொடைக்கானல் ஏரி 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அணை கட்டித் தேக்கியது, நட்சத்திர வடிவம், சுமார் 60 ஏக்கர். கரையைச் சுற்றி ஏறத்தாழ 5 கி.மீ. சாலை. படகுத் துறை ஒன்றல்ல. சுற்றுலா வளர்ச்சிக் கழகம், நகராட்சி, பழைய படகுக் கிளப் என்று தனித்தனியே இருக்கின்றன. ஒரு துறையில் வரிசை நீண்டால் அங்கேயே நிற்காமல் அடுத்ததற்கு நடந்து பாருங்கள். ஊட்டி ஏரி 1820-களில் ஜான் சல்லிவன் வெட்டியது. அங்கே படகு இல்லம் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. எங்கும் காலையில் திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் நிம்மதி. பத்தரை மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். மதியத்துக்கு மேல் கொடைக்கானலில் மூடுபனி இறங்கினால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது, சவாரியையும் நிறுத்திவிடுவார்கள்.

மிதிபடகில் குழந்தைகளுக்கு ஆசை அதிகம், அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏறியதும் கரையிலேயே திசைதிருப்பும் கம்பியை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் இறுகினால் வேறு படகு கேளுங்கள். நடு ஏரியில் அது உங்களை வட்டம் சுற்ற வைக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முதலில் மிதியுங்கள். கால் ஓய்ந்தபின் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். மாறிப் போனால் அரை மணி நேர டிக்கெட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், தாமதக் கட்டணமும் சேரும். முன்பணம் கட்டிய படகென்றால் அந்த ரசீதை நனையாமல் பத்திரப்படுத்துங்கள். கரையோரம் பாசிக் கொடியில் சிக்கி மிதி இறுகினால் பலம் கொடுத்து மிதிக்காதீர்கள், சங்கிலி கழன்றுவிடும். நான்கைந்து சுற்று பின்னோக்கி மிதித்தால் கொடி தானே அவிழும்.

லைஃப் ஜாக்கெட் கொடுக்கும்போது கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போகிறோம். பிள்ளைக்கு மாட்டி, எல்லாப் பக்கிளையும் போட்டு, வாரை இழுத்து இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் நழுவி மோவாய்க்கும் காதுக்கும் ஏறினால் அது பெரியவர் அளவு. தண்ணீரில் விழுந்தால் பிள்ளை அதற்குள்ளிருந்து வழுக்கிக் கீழே போய்விடும். சிறிய அளவு கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் சவாரியே வேண்டாம். படகோட்டி "ஒண்ணும் ஆகாது சார்" என்பார். ஆனால் 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்ததும், லைஃப் ஜாக்கெட் இல்லாததும் அன்று பேசப்பட்ட காரணங்கள். செல்ஃபிக்காக ஒரே பக்கம் கூடுவதும், நடுவில் எழுந்து இடம் மாறுவதும் வேண்டவே வேண்டாம்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்குத் தள்ளியிருக்கும் ஏரிகள்தான் சரி. ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் சுமார் 20 கி.மீ. தூரத்தில் பைக்காரா, வேகப் படகு வேண்டுமென்றால் இங்கே. அவலாஞ்சியில் வனத்துறையின் வண்டியில்தான் உள்ளே போக முடியும். தென்மேற்குப் பருவமழையில் அந்தப் பக்கம் திட்டமிடவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கொடைக்கானல் பக்கம் பேரிஜம் ஏரி பெரியகுளத்துக்குக் குடிநீர் தருவது, அதனால் படகும் இல்லை, குளியலும் இல்லை. வனத்துறை அனுமதி பெற்ற குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளைத்தான் விடுகிறார்கள். யானை நடமாட்டம் இருந்தால் முன்னறிவிப்பின்றி மூடிவிடுவார்கள். அந்த ஒரு நாளுக்கு மாற்று ஏற்பாடு ஒன்றை மனதில் வைத்திருங்கள். நமக்குப் பிடித்ததிலேயே பேரிஜத்துக்குத்தான் முதலிடம். காலையில் தண்ணீர்மேல் ஆவி எழும்பும்போது சோலைக்காட்டிலிருந்து பறவைச் சத்தம் மட்டும் கேட்கும்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். குழந்தை வயிற்றுக்குப் பயந்து கேஸ் கேஸாகச் சிறு பாட்டில் ஏற்றி வருவோம். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு இரண்டு மலையிலும் தடை, சோதனைச்சாவடியிலேயே எடுத்துவிடுவார்கள். கொடைக்கானலில் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமைக் கட்டணமும் உண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலும், வண்டியில் ஒரு பெரிய கேனும் போதும்.

கார் விஷயம் சுருக்கமாக. வெளிநாட்டு லைசென்ஸோடு ஓட்ட பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும். இருந்தாலும் மலைப் பழக்கமுள்ள டிரைவரை வைத்துக்கொள்வதே மேல். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும், கருகும் வாசனை வந்தாலே நிறுத்தி ஆறவிட வேண்டும். வளைவில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது முறை. வாடகை பேசும்போது பேட்டாவோடு மலைக் கட்டணமும் சேர்த்தா என்று கேளுங்கள். டிரைவருக்கு இரவு படுக்க இடம் தங்குமிடத்தில் உண்டா என்றும் கட்டாயம் கேளுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். அந்தக் குளிரில் காருக்குள் முடங்கிக் கிடந்தவரை நம்பி மறுநாள் கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகளோடு இறங்கக் கூடாது.

தங்கும் இடத்தில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களின் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கப் பதிவார்கள். ஓசிஐ அட்டை மட்டும் போதாது, பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். ஊர் வீட்டு பீரோவில் பூட்டிவிட்டு வராதீர்கள்.