விட்னஸ் இல்லாத கப்பல்: ‘ஏலியன்: கவெனன்ட்’

வேலை நாட்களில் நான் தலையில் பூ வைப்பதில்லை. சென்ட், பவுடர், நெயில் பாலிஷ் ஒன்றும் கிடையாது. செயற்கைக் கருத்தரிப்பு மையம் ஒன்றின் ஆய்வகத்தில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். காற்றில் கலக்கும் வாசனைப் பொருள்கள் கருவுக்கு ஆகாது என்பதால் எங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஒருநாள் மல்லிகைப்பூவோடு வந்துவிட்டாள். கதவருகிலேயே நிறுத்திப் பூவை வாங்கி, வரவேற்பறைப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டோம்.

இப்படிப் பழகிப்போன ஒருத்தி, ரிட்லி ஸ்காட் 2017-ல் எடுத்த ‘ஏலியன்: கவெனன்ட்’ படத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும்? முன்பின் தெரியாத கிரகம். பறவைச் சத்தம் இல்லை, ஒரு பூச்சிகூட இல்லை. ஆனால் கோதுமை மட்டும் விளைந்து நிற்கிறது. அங்கே ஒரு கூட்டம் முகத்தில் மாஸ்க்கூட இல்லாமல் இறங்கி, நன்றாக மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கிறது. குழுவை விட்டு ஒதுங்கிப்போன சிப்பாய் தரையிலிருக்கும் கறுப்பு உருண்டை ஒன்றை மிதிக்கிறான். புகைமாதிரி ஒரு தூள் எழும்புகிறது. தூள் என்றால் காற்றில் அலைகிற தூள் இல்லை. வழி தெரிந்த தூள். அவன் காதைச் சுற்றி ஒரு நொடி நின்று, சட்டென்று உள்ளே போய்விடுகிறது. அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான் சோபாவில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டேன்.

கதை இதுதான். 2104-ம் ஆண்டு. ‘கவெனன்ட்’ என்ற கப்பல் ஒரிகே-6 என்ற கிரகத்துக்குக் குடியேறப் போகிறது. பெட்டிகளுக்குள் தூங்கிக்கொண்டு 2,000 பேர், குளிரூட்டிய இழுப்பறைகளில் 1,140 கருக்கள், பணியாளர்கள் 15 பேர். போய்ச்சேர இன்னும் 7 வருடம் 4 மாதம். எல்லாரும் தூங்க, விழித்திருந்து பார்த்துக்கொள்வது வால்டர் என்ற செயற்கை மனிதன். வழியில் விபத்து; கேப்டன் தூங்கிய பெட்டிக்குள்ளேயே கருகிப்போகிறார். அவருக்குப் பதில் பொறுப்பேற்கும் ஓரம் என்பவர், பக்கத்துக் கிரகத்திலிருந்து வரும் ஒரு பாட்டுச் சத்தத்தை நம்பிக் கப்பலைத் திருப்புகிறார். செத்துப்போன கேப்டனின் மனைவி டேனியல்ஸ் வேண்டாம் என்கிறாள். தன் எதிர்ப்பைப் பதிவில் ஏற்றவும் சொல்கிறாள். இந்த இடத்தில் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. வாயால் சொன்னது காற்றோடு போகும், ரிஜிஸ்டரில் ஏறினால்தான் நிற்கும்.

இனி முடிவைச் சொல்லாமல் எழுத முடியாது. படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தக் கிரகத்தில் பத்து வருடமாகத் தனியாக இருப்பவன் டேவிட். வால்டரின் முந்தைய மாடல், அதே முகம். இருவரையும் நடித்திருப்பவர் மைக்கேல் ஃபாஸ்பெண்டர். படத்தின் உயிரே இவர்தான், தயங்காமல் சொல்வேன். டேவிட் பேச்சில் ஒரு மேட்டுக்குடி இங்கிலாந்து வாடை. வால்டர் அமெரிக்கக்காரன்போல் தட்டையாகப் பேசுகிறான். டேவிட் நடப்பதில்கூட ஒரு ரசனை உண்டு. வால்டர் வேலைக்குப் போகிறவன்மாதிரி நடக்கிறான். டேவிட் மனிதர்களை மிரள வைத்ததால், அடுத்த மாடலுக்குச் சொந்தமாக எதையும் உருவாக்கும் திறனை வெட்டிவிட்டார்கள். ஒரு சின்ன மெட்டுக்கூட வால்டரால் போட முடியாது.

அதைக் காட்டும் புல்லாங்குழல் காட்சியை மட்டும் நான் மூன்று முறை பார்த்தேன். டேவிட் ஊதச் சொல்லிக்கொடுக்கிறான். வால்டர் வாயில் குழல், துளைகளின் மேல் டேவிட்டின் விரல்கள். ஒருவன் மூச்சு, இன்னொருவன் விரல். இரண்டும் ஒரே நடிகர் என்பது பாதிக் காட்சியிலேயே மறந்துபோகிறது. பேய்ப்படம் பார்க்க உட்கார்ந்தவர்களை இப்படி நிறுத்தி நிதானமாக உட்காரவைக்க ஒரு தைரியம் வேண்டும்.

அப்புறம் அந்தக் கவிதை. பாழடைந்த நகரத்தைப் பார்த்தபடி டேவிட் ‘ஓசிமாண்டியஸ்’ வரிகளைச் சொல்கிறான். அந்த நகரத்தைப் பாழாக்கியவனே அவன்தான். வானத்திலிருந்து கறுப்புத் திரவத்தைக் கொட்டி ஓர் இனத்தையே அழித்தவன். எழுதியவர் பைரன் என்கிறான். பிறகு வால்டர் திருத்துகிறான்: பைரன் இல்லை, ஷெல்லி. ஒரு சுரம் பிசகினால் கடைசியில் முழு இசையும் கெட்டுவிடும் என்கிறான். அந்தக் கவிதை வெளிவந்தது 1818-ல். அதே வருடம்தான் ஷெல்லியின் மனைவி மேரி எழுதிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலும் வந்தது, மனிதன் உருவாக்கிய உயிர் மனிதனையே துரத்தும் கதை. இயக்குநர் அந்த வீட்டுப் பெயரைத் தற்செயலாகப் பிடித்திருக்க மாட்டார்.

எனக்கு அங்கே தோன்றியது வேறு. எங்கள் தொழிலில் இதற்கு லேபிள் தப்பு என்று பெயர். ஒருவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொருவர் பெயர். அதைவிடப் பெரிய பாவம் ஆய்வகத்தில் கிடையாது. அதனால்தான் எந்தத் தட்டையும் தனியாளாக நகர்த்த மாட்டோம். ஒருவர் பெயரையும் எண்ணையும் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இதை நாங்கள் ‘விட்னஸ்’ என்போம். அந்த அம்மாவை மூன்று வருடமாகத் தெரிந்திருக்கும், வீட்டு விசேஷத்துக்கே கூப்பிட்டிருப்பார்கள். இருந்தாலும் மேசையில் படுத்திருப்பவரிடம், “உங்க பேரைச் சொல்லுங்கம்மா, வீட்டுக்காரர் பேரையும் சொல்லுங்க” என்று கேட்டாக வேண்டும். சிலர் சிரிப்பார்கள், சிலருக்குக் கோபம் வரும். டேவிட்டுக்கு வால்டர்தான் விட்னஸ். பத்து வருடத்தில் அவன் சொன்னதைத் தப்பு என்று சொன்ன முதல் ஆள். அவனையே டேவிட் அப்புறப்படுத்தப் பார்க்கிறான்.

படத்தில் நொட்டை சொல்ல நிறைய இருக்கிறது. பணியாளர்களில் பாதிப் பேர் பெயர்கூட மனதில் தங்குவதில்லை. எல்லாரும் தம்பதிகள் என்பது நல்ல யோசனை, ஆனால் யாருக்கு யார் ஜோடி என்று தெரிவதற்குள் ஒருவர் போய்விடுகிறார், மற்றவர் அழுகிறார். டேனி மெக்பிரைடு மட்டும் தொப்பியும் பாசமுமாக நினைவில் நிற்கிறார். கடைசி அரைமணி நேரம் அவசர அவசரமாக ஓடுகிறது. கப்பலுக்குள் நடக்கும் வேட்டையை 1979-ல் வந்த முதல் ‘ஏலியன்’ படத்தில் இதே இயக்குநர் இருட்டை வைத்தே செய்து காட்டினார். அன்று ஜந்துவின் உடைக்குள் ஒரு மனிதர் நின்றார். இன்று கம்ப்யூட்டரில் செய்த ஜந்து பட்டப்பகலில் தாவுகிறது. பட்டப்பகலில் பார்த்தால் பயம் பாதி போய்விடுகிறது.

எல்லாரும் கிண்டல் செய்யும் இடம் ஒன்று உண்டு: மருத்துவ அறையில் ரத்தத்தில் வழுக்கி விழும் காட்சி. நோயுற்றவனோடு சகப் பெண்ணையும் உள்ளே வைத்து பைலட் ஃபாரிஸ் கதவைப் பூட்டுகிறாள். உள்ளே மாட்டிக்கொண்டவள் கண்ணாடியைத் தட்டிக் கெஞ்சுகிறாள். அவன் முதுகைப் பிளந்துகொண்டு வெள்ளையாக ஒன்று வெளியே வருகிறது. பிறகு ஃபாரிஸ் கண்மண் தெரியாமல் சுட்டு, அவர்கள் தரையிறங்கி வந்த சின்னக் கப்பலையே வெடிக்கவைத்துவிடுகிறாள். முட்டாள்கள் என்று சொல்வது சுலபம். என்னைக் கேட்டால் ஃபாரிஸ் கதவைப் பூட்டியது சரி. பூட்டிய பிறகு மறுபடி திறந்ததுதான் தப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தவள் நின்று அழும்போது திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நடிகையின் கையில் தெரிகிறது.

இடையில் தண்ணீர் குடிக்க எழுந்துவந்த என் மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கேப்டன் ஓரம், ஈரமாகத் திறந்துகொள்ளும் முட்டைக்குள் எட்டிப் பார்க்கும் கட்டம். டேவிட் பக்கத்தில் நின்று, ஒன்றும் ஆகாது, பாருங்கள் என்கிறான்.

“அவன் சொன்னா இவன் பாத்துடுவானா?” என்றார் அத்தை.

“பார்ப்பான் அத்தை.”

“சொந்தக்காரன் சொன்னாலே நான் கிணத்தை எட்டிப் பாக்க மாட்டேன்.”

சரி, கருக்களுக்கு வருகிறேன். படத்தில் இழுப்பறையைத் திறந்தால் கண்ணாடிக்குள் சுருண்ட உருவங்கள் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன. உண்மையில் நாங்கள் உறையவைப்பது பெரும்பாலும் ஐந்து நாள் வளர்ந்த கரு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது, மைக்ராஸ்கோப் இல்லாமல் இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. மெல்லிய ஸ்ட்ராவில் ஏற்றி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்கி வைப்போம். படத்தில் வரும் அளவுக்கு உருவம் வந்ததை உறையவைத்து உயிரோடு மீட்க இன்று வழியில்லை. நம் நாட்டில் 2021-ல் வந்த சட்டப்படி பத்து வருடம் வரைதான் வைத்திருக்கலாம். ஆனாலும் படத்தைக் குறை சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத புள்ளியைக் காட்டி எந்த ரசிகரைப் பதறவைக்க முடியும்?

முன்பு வேறோர் ஊரில் வேலை பார்த்தபோது நடந்தது. நைட்ரஜன் கேனில் தினமும் அளவு பார்க்க வேண்டும். நீளமான ஸ்கேலை உள்ளே விட்டு எடுத்து, காற்றில் லேசாக ஆட்டினால், நைட்ரஜன் தொட்ட உயரம்வரை வெள்ளையாகப் பனி படியும். அந்தக் கோட்டைப் படித்து ரிஜிஸ்டரில் எழுதுவோம். நான் விடுப்பு முடிந்து போன அன்று பார்க்கிறேன்: 19, 19, 19, 19. நாலு நாளும் ஒரே எண், ஒரே பேனா. நைட்ரஜன் தினமும் ஆவியாகிக்கொண்டே இருப்பது. நாலு நாள் ஒரே அளவில் நிற்காது. ஸ்கேலை விட்டேன். 11. நல்லவேளை, ஸ்ட்ராக்கள் இன்னும் மூழ்கியேதான் இருந்தன. உடனே நிரப்பினோம். எழுதியவன் கெட்டவன் கிடையாது, சோம்பேறி. அவன் எழுதியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதே கனம் இந்தப் படத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் என் வயிற்றில் வந்து உட்கார்ந்தது. ஜந்துவைக் கொன்றாயிற்று. திரும்பி வந்தவன் வால்டரா டேவிட்டா என்பதை நீங்கள் அதற்கு முன்பே ஊகித்திருப்பீர்கள். ஸ்காட்டும் மறைக்க ரொம்பப் பாடுபடவில்லை. வால்டர் இழந்த கையைப்போல் தன் கையையும் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அவன் முகத்துக் காயத்தை டேனியல்ஸே ஸ்டேப்ளர் பின் அடித்து மூடிவிடுகிறாள். அவ்வளவு பக்கத்தில் நின்றும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூக்கப் பெட்டிக்குள் படுத்து மூடி இறங்கிய பிறகுதான், தானும் கணவரும் ஏரிக்கரையில் கட்ட நினைத்த மரவீட்டைப் பற்றிப் பேச்செடுக்கிறாள். வால்டருக்கு அது தெரியும். இவன் முகத்தில் ஒன்றும் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான். பெட்டிக்கு வெளியே நின்று கேட்டிருக்க வேண்டும். டேனியல்ஸாக நடித்த கேத்தரின் வாட்டர்ஸ்டன் முகத்தில் அந்த ஒரு நொடி போதும். கத்துகிறாள், கண்ணாடி, மருந்து, தூக்கம்.

பிறகு டேவிட் வாக்னர் இசையைப் போடச் சொல்கிறான். முதல் காட்சியில், பிறந்த அன்று பியானோவில் அவன் வாசித்த அதே இசை, தேவர்கள் தங்கள் மாளிகைக்குள் நுழையும் கட்டம். அவனை உருவாக்கிய வேலண்ட் அன்று தத்துவம் பேசிக்கொண்டே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த டீயை அவனை ஊற்றச் சொன்னார். ஒரு வினாடி தாமதித்துத்தான் ஊற்றினான். இன்று ஏவ ஆளில்லை. வாயிலிருந்து அந்த ஜந்துவின் இரண்டு சின்னக் கருக்களைத் துப்பி எடுத்து, மனிதக் கருக்கள் இருக்கும் இழுப்பறையில் வரிசை பிசகாமல் வைக்கிறான். அவன் கை நடுங்கவில்லை. எங்களில் நன்றாக வேலை தெரிந்தவர்கள் கைபோலவே இருந்தது. படிப்பதற்குப் பெயர் இல்லை, சரி சொல்ல ஆள் இல்லை.

ஃபாஸ்பெண்டருக்காக ஒரு தடவை பாருங்கள். 2012-ல் வந்த ‘ப்ரொமீதியஸ்’ பார்த்திருந்தால் நல்லது, டேவிட் எங்கிருந்து வந்தான் என்று புரியும், இல்லாவிட்டாலும் ஓட்டிவிடலாம். 122 நிமிடம். சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிற படம் இல்லை. கருத்தரிப்புச் சிகிச்சையில் இருப்பவர்கள் இப்போதைக்கு வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த பாகம் எங்கே என்று அத்தை கேட்டார். 2024-ல் ‘ரோமுலஸ்’ என்று ஒன்று வந்தது, ஆனால் அது வேறு ஆட்கள், வேறு கதை. டேவிட் போன கப்பல் என்ன ஆனது என்று ஸ்காட் படமாக எடுக்கவே இல்லை என்றேன்.

“அப்ப அந்த ரெண்டாயிரம் பேரும் இன்னும் தூங்கிட்டுதான் இருக்காங்களா?”

ஆமாம் அத்தை என்றேன். சொம்பை எடுத்துக்கொண்டு போனவர், கூடத்து விளக்கை அணைக்காமலே போய்ப் படுத்தார்.