கையில் ஒரே பிரஷர், இதயத்தருகே வேறு: அட்டெனலாலா, அம்லோடிபினா?

கையில் பட்டை கட்டிப் பார்த்தால் இரண்டு பேருக்கும் 130க்கு 80. ஒருவர் சாப்பிடுவது அட்டெனலால், இன்னொருவர் அம்லோடிபின். பிரஷர் இறங்கிவிட்டது, அப்புறம் எந்த மாத்திரையாக இருந்தால் என்ன என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 2006-ல் வெளியான கேஃப் ஆய்வைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

ஆஸ்காட் என்ற பெரிய ஆய்வின் கிளை அது. ஒரு பிரிவுக்கு அம்லோடிபின், தேவைப்பட்டால் கூடவே பெரிண்டோபிரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை. மறு பிரிவுக்கு அட்டெனலால், தேவைப்பட்டால் நீர் மாத்திரை. 2,199 பேரின் மணிக்கட்டு நாடியில் பேனா போன்ற உணர்கருவியை வைத்து அழுத்தி, துடிப்பின் வடிவத்தைப் பதிந்து, அதிலிருந்து பெருந்தமனியின், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயின், அழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். கையில் வித்தியாசம் 1 புள்ளிகூட இல்லை. பெருந்தமனியிலோ அம்லோடிபின் பிரிவினரின் மேல் அழுத்தம் 4.3 புள்ளி குறைவு.

எப்படி? இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஓர் அலை கிளம்பி, சின்னக் குழாய்களில் மோதித் திரும்பி வருகிறது. வயதாகிப் பெருந்தமனி விறைத்திருந்தால் சீக்கிரமே திரும்பிவிடும். அட்டெனலால் துடிப்பைக் குறைப்பதால் இதயம் ரத்தத்தைத் தள்ளும் நேரம் நீள்கிறது; தள்ளி முடிப்பதற்குள் அலை வந்து மேலே ஏறிக்கொள்கிறது. அம்லோடிபின் சின்னக் குழாய்களைத் தளர்த்துவதால் திரும்பும் அலையே பலவீனமாகிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. பெருந்தமனியின் விறைப்பைக் காட்டும் அலை வேகம் இரு பிரிவிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் அம்லோடிபின் குழாயை இளமையாக்கிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஆஸ்காட் முழுவதிலும் அந்தப் பிரிவில் பக்கவாதம் 23 சதவீதம் குறைவு. அங்கே கை அழுத்தமும் கொஞ்சம் குறைவாகவே இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2006-லேயே, அட்டெனலால் சேர்ந்த பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகளை முதல் தேர்விலிருந்து இறக்கிவிட்டது.

தொந்தரவு என்று பார்த்தால், அம்லோடிபினில் கணுக்கால் வீங்கும். சாயந்திரம் சாக்ஸைக் கழற்றினால் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும். அட்டெனலாலில் அசதி, விரல் சில்லிடுவது.

வேறு நோய் இல்லாத, அறுபது தாண்டியவருக்கு என்றால் என் ஓட்டு அம்லோடிபினுக்குத்தான். நெஞ்சுவலியோ துடிப்புக் கோளாறோ இருப்பவருக்கு அட்டெனலால் காரணத்தோடு கொடுக்கப்பட்டிருக்கும். அதைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி முற்றலாம், மாரடைப்பே வரலாம்; மாற்றுவதென்றால் டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான்.