படித்துறைக்கு ஒத்தா, டிஜெரிடூவா?

திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறையில் அமர்ந்து, வருவோர் போவோர் மனம் அடங்கும்படி வாசிக்க விரும்பும் தெருக் கலைஞர் எதைக் கையில் எடுக்கலாம்? நாதஸ்வரத்துக்குத் துணையாகச் சுருதி பிடிக்கும் ஒத்து, நீண்ட மரக்குழலான டிஜெரிடூ ஆகிய ஊதுகருவிகள் இரண்டுமே ஒற்றைச் சுருதியில் நிற்பவை. இரண்டிலும் கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை உள்ளிழுக்க வேண்டும்.

வட ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ, கரையான் குடைந்த யூக்கலிப்டஸ் மரத்தில் உருவாவது. வாய் வைக்கும் விளிம்பில் தேன்மெழுகு பூசியிருக்கும். ஒத்தில் இருப்பதுபோல் ஊதும்போது அதிரும் நாணல் முனையான சீவாளி இதற்குக் கிடையாது, உதடுகளே அதிர்கின்றன. நாக்கையும் தொண்டையையும் அசைத்தால் அந்த ஒரே சுருதிக்குள் தாளமும் உறுமலும் பிறந்துவிடுவதால், துணையின்றித் தனியே வாசிப்பவருக்கு இதுவே ஏற்றது.

ஒத்துக்கு விரல்துளைகள் இல்லை. அடிப்பகுதித் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். அது தனித்து ஒலிக்கப் பிறந்ததன்று. ஆனால், 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்தோடு ஒருவர் உடன் அமர்ந்தால், என் தேர்வு ஒத்துதான். அதன் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது எனக்குப் பெரும் வருத்தம். எச்சிலில் நனைந்து பதமான சீவாளியிலிருந்து எழும் அந்த உயிர்ச் சுருதி, பெட்டிக்குள்ளிருந்து வருவதில்லை.